உறையாது என்ற இரத்தம் உறைந்தது எப்படி?
ஆன்டிபாஸ்போலிபிட் நோய்க்கான இரத்தப் பரிசோதனைகள்: நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

சோழவந்தான் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து இருபத்தாறு வயதுப் பெண் ஒருவர் தம் மாமியாருடன் நம் மருத்துவமனைக்கு வந்தார். அவருடைய இடது கால் தொடை வரை வீங்கியிருந்தது. டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்து அடைத்திருப்பது தெரிந்தது. ஆறு வாரங்களுக்கு முன்புதான், ஐந்தாம் மாதத்தில், அவருடைய குழந்தை வயிற்றிலேயே இறந்திருந்தது. அப்போது வேறோர் இடத்தில் எடுத்த பரிசோதனைத் தாளை மாமியார் மஞ்சள் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அதில் ஏ.பி.டி.டி. என்னும் உறைவு நேரம் இயல்பைவிட நீண்டிருந்தது. இரத்தப் போக்கு நேரலாம் என்ற அச்சத்தில் பிளாஸ்மாவும் ஏற்றியிருந்தார்கள்.

"இரத்தம் உறைய மாட்டேங்குதுன்னு அங்க சொன்னாங்க. இப்ப நீங்க உறைஞ்சு அடைச்சுக்கிச்சுன்னு சொல்றீங்க. நாங்க எதை நம்புறது, டாக்டர்?" என்று அந்த அம்மா கேட்டார்.

நியாயமான கேள்வி. இரண்டு தாள்களும் உண்மையையே சொல்கின்றன என்பதுதான் அதற்கு விடை. அந்த விடையை விளக்குவதும், இந்நோய்க்கான பரிசோதனை முடிவுகளை எப்படிப் படிக்க வேண்டும் என்று கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கம். நோயாளிகளின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.

இது என்ன நோய்?

நோய்க்கிருமிகளை எதிர்ப்பதற்காக நம் உடல் உருவாக்கும் புரதங்களுக்கு எதிர்ப்பொருள்கள் என்று பெயர். சில வேளைகளில் இவை தம் சொந்த உடலின் பொருள்களையே பகையாகக் கொள்கின்றன. இவ்வாறு தோன்றும் நோய்கள் தன்னெதிர்ப்பு நோய்கள் எனப்படும். முடக்குவாதமும் லூபஸ் நோயும் நீங்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடிய எடுத்துக்காட்டுகள்.

ஆன்டிபாஸ்போலிபிட் நோயும் இவ்வகையைச் சேர்ந்ததே. உயிரணுக்களின் மேலுறையில் பாஸ்போலிபிட் என்னும் கொழுப்புப் பொருள் உள்ளது. அதனோடு ஒட்டிக்கொள்ளும் சில புரதங்களை, குறிப்பாகப் பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் என்னும் புரதத்தை, இந்நோயாளியின் எதிர்ப்பொருள்கள் பற்றிக்கொள்கின்றன. அதன் விளைவாக, உறையக் கூடாத இடத்தில் இரத்தம் உறைகிறது. கால் சிரையில் உறைந்தால் வீக்கம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குச் சென்றால் மூச்சுத் திணறல். மூளைத் தமனியில் உறைந்தால் இளவயதிலேயே பக்கவாதம். கருவுற்ற பெண்களில் நஞ்சுக்கொடி பழுதுற்றுக் கரு இறக்கவோ, கடுமையான இரத்தக் கொதிப்புடன் குறைமாதப் பேறு நிகழவோ கூடும்.

1983-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் கிரகாம் ஹியூஸ் இந்நோயின் முழு வடிவத்தை எடுத்துரைத்தார். அதனால் இதற்கு ஹியூஸ் நோய் என்ற பெயரும் உண்டு.

களத்தை அடைத்துக்கொண்டவர்கள்

அந்த மாமியாரின் கேள்விக்கு வருவோம். இரத்தம் உறைவது பல படிகளில் நடக்கும் செயல். உறைவுக் காரணிகள் என்னும் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டி, இறுதியில் ஃபைபிரின் என்னும் வலையைப் பின்னுகின்றன. இந்தக் காரணிகள் ஒன்றுகூடி வேலை செய்வதற்கு ஓர் இடம் வேண்டும். அறுத்த கதிரை அடித்துத் தூற்றக் களம் வேண்டுவது போல, உறைவுக் காரணிகளுக்குப் பாஸ்போலிபிட் பரப்பு வேண்டும்.

ஆய்வகக் குழாயில் நாம் அளந்து சேர்க்கும் பாஸ்போலிபிட் மிகச் சிறிய களம். எதிர்ப்பொருள்கள் அந்தக் களத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகின்றன. உறைவுக் காரணிகளுக்கு இடம் இல்லை, வேலை தாமதமாகிறது, உறைவு நேரம் நீள்கிறது. உடலுக்குள் நிலைமை வேறு. அங்கே அதே எதிர்ப்பொருள்கள் இரத்தக் குழாயின் உட்சுவரையும் இரத்தத் தட்டுகளையும் வெள்ளணுக்களையும் தூண்டிவிடுகின்றன. தூண்டப்பட்ட அணுக்கள் உறைவை விரைவுபடுத்துகின்றன. ஆகவே குழாயில் உறையத் தாமதிக்கும் இரத்தம், காலுக்குள் உறைந்து அடைக்கிறது.

இந்த முரண் மருத்துவர்களையும் நெடுங்காலம் குழப்பியது. 1952-இல் அமெரிக்க மருத்துவர்கள் கான்லியும் ஹார்ட்மனும், லூபஸ் நோயாளிகளின் இரத்தத்தில் உறைவைத் தாமதிக்கும் ஒரு பொருள் இருப்பதைக் கண்டனர். 1972-இல் அதற்கு 'லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட்', அதாவது லூபஸ் உறைவெதிர்ப்பி, என்று பெயரிட்டனர். அந்தப் பெயர் இரு வகையிலும் பொருந்தாது. இது உள்ளவர்களில் பலருக்கு லூபஸ் நோய் இல்லை. உடலுக்குள் இது உறைவை எதிர்ப்பதும் இல்லை. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. உங்கள் பரிசோதனைத் தாளில் இப்பெயரைக் கண்டால், 'எனக்கு லூபஸ் வந்துவிட்டது' என்றோ, 'என் இரத்தம் உறையாது' என்றோ முடிவு செய்துவிடாதீர்கள்.

கண்ணாடி விரியனின் நஞ்சும் ஒரு பரிசோதனையும்

வைகைக் கரை வயல்களில் வேலை செய்வோருக்குக் கண்ணாடி விரியனைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அது கடித்தால், நஞ்சு உடலின் உறைவுக் காரணிகளைத் தூண்டித் தூண்டியே செலவழித்துத் தீர்த்துவிடும். பின்னர் இரத்தம் உறையாது. பாம்பு கடித்தவரின் இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

இதே பாம்பின் நஞ்சுதான் ஆன்டிபாஸ்போலிபிட் நோயைக் கண்டறியவும் பயன்படுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல், சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆங்கிலத்தில் இப்பாம்பு அவர் பெயரால் 'ரஸ்ஸல் விரியன்' என வழங்குகிறது. 1934-இல் இலண்டனில் மக்ஃபார்லனும் பார்னெட்டும், இதன் நஞ்சைப் பெருமளவு நீர்த்துப் பயன்படுத்தினால் இரத்தத்தை விரைந்து உறையச் செய்யும் என்று காட்டினர். 1986-இல் பெருமாள் தியாகராஜன், பெங்கோ, ஷபிரோ ஆகிய மூவர், நீர்த்த விரியன் நஞ்சைக் கொண்டு லூபஸ் ஆன்டிகோஆகுலன்டைக் கண்டறியும் முறையை வெளியிட்டனர். உங்கள் தாளில் 'டி.ஆர்.வி.வி.டி.' என்று காணப்படுவது அந்தப் பரிசோதனையே.

அதன் முறை எளிமையானது. நஞ்சு, உறைவுச் சங்கிலியின் முதற்படிகளைத் தாண்டி, பத்தாம் காரணியை நேரடியாகத் தூண்டுகிறது. அதன் பிறகு வேலை தொடர்வதற்குப் பாஸ்போலிபிட் களம் வேண்டும். முதலில் குறைந்த அளவு பாஸ்போலிபிட்டுடன் உறைவு நேரத்தை அளக்கிறோம். எதிர்ப்பொருள் இருந்தால் நேரம் நீளும். அடுத்து, பாஸ்போலிபிட்டை மிகுதியாகச் சேர்த்து மீண்டும் அளக்கிறோம். களம் பெரிதாகிவிட்டதால் எதிர்ப்பொருள்கள் அதை முழுவதும் அடைக்க முடிவதில்லை, நேரம் குறைந்துவிடும். இவ்வாறு குறைவதே எதிர்ப்பொருள் உண்டு என்பதை உறுதிசெய்கிறது.

இவ்விரண்டுக்கும் இடையில் கலவைச் சோதனை ஒன்றும் உண்டு. நோயாளியின் பிளாஸ்மாவுடன் நலமுள்ளவர்களின் பிளாஸ்மாவைச் சம அளவு கலக்கிறோம். உறைவுக் காரணி குறைவாக இருந்ததால் நேரம் நீண்டிருந்தால், கலந்தவுடன் அது சரியாகும். எதிர்ப்பொருள் இருந்தால், அது புதிய பிளாஸ்மாவையும் தடுக்கும், நேரம் சரியாகாது. நம் சோழவந்தான் பெண்ணின் இரத்தத்தில் அன்றே இந்தக் கலவைச் சோதனையைச் செய்திருந்தால், அவருக்கு வேண்டியது பிளாஸ்மா அன்று என்பது தெரிந்திருக்கும்.

மூன்று பரிசோதனைகள்

இந்நோயை ஐயுறும்போது மூன்று பரிசோதனைகளையும் சேர்த்தே கேட்கிறோம்.

முதலாவது, மேலே சொன்ன லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட். விரியன் நஞ்சுப் பரிசோதனையும், இதற்கெனத் தேர்ந்த ஏ.பி.டி.டி. பரிசோதனையும் ஆக இரு முறைகளில் இதைப் பார்க்க வேண்டும். ஒன்றில் பிடிபடாதது மற்றொன்றில் பிடிபடக்கூடும்.

இரண்டாவது, கார்டியோலிபின் எதிர்ப்பொருள். மூன்றாவது, பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் எதிர்ப்பொருள். இவ்விரண்டும் 'எலைசா' போன்ற முறைகளில் அளக்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். என இரு வகைகள் இருக்கும். எலைசா முறையில் கார்டியோலிபின் எதிர்ப்பொருள் 40 அலகுகளுக்கு மேல் இருந்தால்தான் அதற்குப் பெரிதும் பொருள் உண்டு. ஆய்வகம் அச்சிட்டிருக்கும் எல்லையைச் சற்றே தாண்டிய எண், தடித்த எழுத்தில் இருந்தாலும், நோய் உண்டு என்பதற்குச் சான்று ஆகாது.

மூன்றும் நேர்மறையாக இருந்தால் இரத்தம் உறையும் இடர் மிக அதிகம். ஐ.ஜி.எம். மட்டும் சிறிதளவு உயர்ந்திருந்தால் இடர் மிகக் குறைவு. ஆகையால் 'பாசிட்டிவ்' என்ற ஒற்றைச் சொல்லைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. எது, எவ்வளவு, எத்தனை என்ற மூன்றையும் பார்க்க வேண்டும்.

கருவுற்ற பெண்களுக்கு மற்றொரு செய்தி. பேறுகாலப் பரிசோதனையில் மேகநோய்க்காக வி.டி.ஆர்.எல். பார்ப்பது வழக்கம். அந்தச் சோதனையில் பயன்படும் பொருளில் கார்டியோலிபின் அடங்கியுள்ளது. ஆதலால் ஆன்டிபாஸ்போலிபிட் எதிர்ப்பொருள் உள்ள பெண்ணுக்கு, மேகநோய் இல்லாமலேயே வி.டி.ஆர்.எல். நேர்மறையாகக் காட்டலாம். இந்த ஒரு தாளால் குடும்பங்களில் வீண் ஐயமும் கண்ணீரும் நேர்ந்ததை நான் கண்டிருக்கிறேன். டி.பி.எச்.ஏ. போன்ற உறுதிச் சோதனை செய்யாமல் யாரும் யாரையும் குறை கூற வேண்டாம்.

பன்னிரண்டு வாரம் ஏன்?

மேலூரிலிருந்து வந்த நாற்பது வயது ஆசிரியர் ஒருவரை இங்கே குறிப்பிட வேண்டும். கடுங்காய்ச்சலில் இருந்து தேறி வந்த வேளையில், மூட்டு வலிக்காக அவர் ஒரு முழுத் தொகுப்புப் பரிசோதனை செய்துகொண்டார். அதில் கார்டியோலிபின் ஐ.ஜி.எம். சற்று உயர்ந்திருந்தது. இணையத்தில் தேடிப் படித்துவிட்டு, வாழ்நாள் முழுவதும் வார்ஃபாரின் உண்ண வேண்டும் என்று எண்ணி, கலங்கிய முகத்துடன் மனைவியோடு வந்தார். அவருக்கு ஒருபோதும் இரத்தம் உறைந்து அடைத்ததில்லை. மருந்து எதுவும் எழுதாமல், பன்னிரண்டு வாரம் கழித்து வரச் சொன்னேன். மறுபரிசோதனையில் அந்த எதிர்ப்பொருள் இல்லை.

நோய்த் தொற்றுகளுக்குப் பின்னும், சில மருந்துகளாலும் இவ்வெதிர்ப்பொருள்கள் சில வாரங்கள் தோன்றி மறைவதுண்டு. நலமுள்ளவர்களிலும் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐவர் வரை இவை காணப்படலாம் என்று கணிக்கப்படுகிறது. நிலையாக நின்று தீங்கு செய்பவற்றை, வந்து போகும் எதிர்ப்பொருள்களிலிருந்து பிரித்தறியக் காலமே உரைகல். 1999-இல் வெளியான சப்போரோ வரையறை ஆறு வார இடைவெளியைக் கேட்டது. அது போதாது என்று கண்டு, 2006-இல் வெளியான சிட்னி வரையறை பன்னிரண்டு வாரமாக நீட்டியது. 2023-இன் அமெரிக்க, ஐரோப்பிய வரையறையும் அதே பன்னிரண்டு வாரத்தை ஏற்றுள்ளது.

பரிசோதனை மட்டும் நோயைத் தீர்மானிப்பதில்லை என்பதையும் மறக்கலாகாது. இரத்தம் உறைந்து அடைத்த வரலாறோ, இந்நோய்க்குரிய பேறுகாலத் துன்பமோ இருந்து, அத்துடன் எதிர்ப்பொருளும் நிலைத்திருந்தால்தான் நோய் எனக் கொள்கிறோம். அறிகுறி எதுவும் இன்றி இப்பரிசோதனைகளைச் செய்துகொள்வது, இல்லாத கவலையை விலைகொடுத்து வாங்குவதாகும்.

அதேவேளை, பன்னிரண்டு வாரம் என்பது மருத்துவத்தை ஒத்திப்போடுவதற்கான காலம் அன்று. காலில் இரத்தம் உறைந்திருந்தால் அதற்கான மருந்தை அன்றே தொடங்குகிறோம். எத்தனை காலம் தொடர்வது என்பதற்குத்தான் மறுபரிசோதனை விடை தரும்.

இரத்தம் கொடுக்கும் முன்

லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட் பரிசோதனை எளிதில் பிழைபடக்கூடியது. பிழை நேராதிருக்க உங்கள் ஒத்துழைப்பு தேவை.

1. நீங்கள் உண்ணும் இரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளின் பெயரையும் கடைசியாக எடுத்த நேரத்தையும் ஆய்வகத்தில் சொல்லுங்கள். ரிவரோக்சபான் போன்ற மாத்திரைகள், எதிர்ப்பொருள் இல்லாதபோதும் இருப்பதாகக் காட்டிவிடும். வார்ஃபாரின், அசிட்ரோம் மாத்திரைகளும் ஹெப்பாரின் ஊசியும் முடிவைக் குழப்பும். கார்டியோலிபின், பீட்டா-2 எலைசா பரிசோதனைகளை இம்மருந்துகள் பாதிப்பதில்லை.

2. பரிசோதனைக்காக இம்மருந்துகளை நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். நிறுத்திய இடைவெளியில் மீண்டும் அடைப்பு நேரலாம். ஹெப்பாரின் ஊசி போடுபவர்களுக்குப் பொதுவாக அடுத்த ஊசிக்குச் சற்று முன்பு, முந்தைய ஊசி போட்டுப் பன்னிரண்டு மணி நேரமாவது ஆன பின், இரத்தம் எடுப்போம். நேரத்தை மருத்துவரே குறித்துத் தருவார்.

3. காய்ச்சல், அறுவை மருத்துவம், கருவுற்றிருத்தல், அண்மையில் ஏற்பட்ட அடைப்பு ஆகியவற்றைத் தெரிவியுங்கள். கடும் அழற்சியின்போது முடிவு பொய்யாக நேர்மறை ஆகலாம். கருவுற்ற காலத்தில் சில உறைவுக் காரணிகள் உயர்வதால் நோய் மறைந்து காட்டலாம்.

4. இரத்தம், நீல மூடியிட்ட சிட்ரேட் குழாயில், குறியிட்ட கோடு வரை சரியாக நிரம்ப வேண்டும். ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. குறைவாக நிரம்பிய குழாயை ஆய்வகத்தினர் திருப்பி அனுப்பி, மறுபடி ஊசி குத்த நேர்ந்தால் சினம் கொள்ளாதீர்கள். அது உங்கள் நலனுக்கே.

5. எடுத்த இரத்தத்தை நான்கு மணி நேரத்துக்குள் இருமுறை சுழற்றி, இரத்தத் தட்டுகளை நீக்கிப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். தட்டுகள் தங்கிவிட்டால், அவற்றிலுள்ள பாஸ்போலிபிட் எதிர்ப்பொருளை மறைத்துவிடும். ஆகவே ஊரிலேயே இரத்தம் கொடுத்துப் பேருந்தில் அனுப்புவதைவிட, பிரிக்கும் வசதியுள்ள ஆய்வகத்துக்கு நேரில் வருவது நல்லது. இதற்கு வெறும் வயிறு கட்டாயம் இல்லை.

6. மறுபரிசோதனையை இயன்றவரை அதே ஆய்வகத்தில் செய்யுங்கள். கருவிகளும் வேதிப்பொருள்களும் மாறினால் எண்களும் மாறும். பழைய தாள்கள் அனைத்தையும் கொண்டு வாருங்கள்.

முடிவு உறுதியான பின்

சிரையில் அடைப்பு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் வார்ஃபாரின் வகை மாத்திரையை நீண்ட காலத்துக்குத் தருகிறோம். ஐ.என்.ஆர். அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். 'அடிக்கடி இரத்தம் எடுக்க வேண்டாத புதிய மாத்திரை கிடையாதா?' என்று பலர் கேட்கிறார்கள். மூன்று பரிசோதனைகளும் நேர்மறையான 120 நோயாளிகளைக் கொண்டு இத்தாலியில் நடந்து, 2018-இல் வெளியான ஆய்வில், ரிவரோக்சபான் உண்டவர்களுக்கு வார்ஃபாரின் உண்டவர்களைவிட மிகுதியான அடைப்புகள் நேர்ந்ததால், ஆய்வையே இடையில் நிறுத்தினர். அதனால்தான் இவர்களுக்கு இன்னும் பழைய மாத்திரையையே எழுதுகிறோம்.

கருவுறும்போது நிலைமை மாறும். வார்ஃபாரின் கருவைப் பாதிக்கக்கூடியது. ஆகவே நாள் தள்ளிப்போன உடனேயே மருத்துவரிடம் வர வேண்டும். அதற்குப் பதிலாக ஹெப்பாரின் ஊசியும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் தரப்படும். இவ்வெதிர்ப்பொருள் உடைய, மீண்டும் மீண்டும் கருவிழந்த 90 பெண்களைக் கொண்டு இலண்டனில் நடந்து 1997-இல் வெளியான ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் 42 விழுக்காட்டினரும், ஹெப்பாரினும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 விழுக்காட்டினரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். நோய் உறுதியானால் வழி அடைந்துவிடவில்லை என்பதற்கு இந்த எண்களே சான்று.

சோழவந்தான் பெண்ணுக்கு, ஹெப்பாரின் தொடங்குவதற்கு முன்பே இரத்தம் எடுத்தோம். மூன்று பரிசோதனைகளும் நேர்மறை. பன்னிரண்டு வாரம் கழித்து, வார்ஃபாரின் உண்டுகொண்டிருந்த நிலையில், எலைசா பரிசோதனைகளைத் திரும்பச் செய்தோம், எண்கள் இறங்கவில்லை. குழந்தை இறந்ததற்கு மருமகளின் நடையையோ உணவையோ குறை சொல்ல இடமில்லை என்பதை மாமியாரிடம் அன்று விளக்கினேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப அவ மேல தப்பு இல்லைன்னு எங்க வீட்ல எல்லாருக்கும் சொல்லிடுறேன்" என்றார்.

இப்போது அந்தப் பெண் ஏழு மாதக் கருவைச் சுமந்திருக்கிறார். காலையும் மாலையும் ஊசி. இரு வாரத்துக்கு ஒருமுறை நம் மருத்துவமனைக்கு வருகை. இன்னும் கடக்க வேண்டிய வாரங்கள் உள்ளன. கவனம் தளரக் கூடாது. சென்ற முறை வந்தபோது, இரத்தம் எடுக்க வந்த செவிலியரிடம், "நான் காலையில ஊசி போட்டுட்டேன், நேரத்தைச் சீட்டுல எழுதிட்டீங்களா, சிஸ்டர்?" என்று அவரே கேட்டார். ஒவ்வொரு நோயாளியும் இப்படிக் கேட்க வேண்டும் என்பதே என் விருப்பம்.